பாட்டுப் பெட்டி விளக்கேற்றுமா?

டேப் ரிக்கார்டர், வானொலி, கைப்பேசி ஆகியவற்றில் இயர்போன் செருகும் சிறு துளையைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் துளையிலிருந்து வருவது ஒலி அன்று, மின்சாரம். அதை ஒலியாக்குவது இயர்போனின் வேலை. அப்படியானால் இயர்போனை எடுத்துவிட்டு ஓர் எல்.இ.டி. விளக்கை அங்கே இணைத்தால் எரியுமா?

பெரும்பாலும் எரியாது. கைப்பேசியை முழு ஒலியளவில் வைத்தாலும் உச்சத்தில் ஏறத்தாழ 1 வோல்ட்தான் கிடைக்கும். சிலவற்றில் அதுவும் இராது. சிவப்பு எல்.இ.டி. நன்றாக ஒளிர 1.8 வோல்ட் அளவுக்குத் தேவை.

இங்கே கை கொடுப்பது டிரான்சிஸ்டர். அதன் அடிவாயில் 0.6 அல்லது 0.7 வோல்ட் இருந்தால் போதும், அது திறந்துகொள்ளும். விளக்கை எரிக்கும் மின்சாரத்தைத் தனியே ஒரு 9 வோல்ட் பாட்டரி தரட்டும். கைப்பேசி கதவைத் திறக்கும் வேலையை மட்டும் செய்யட்டும்.

பி.சி. 547 டிரான்சிஸ்டர் ஒன்று வாங்குங்கள். பாட்டரியின் நேர்முனையிலிருந்து 470 ஓம் மின்தடை, அடுத்து எல்.இ.டி., அடுத்து டிரான்சிஸ்டரின் ஏற்பான். உமிழ்ப்பானைப் பாட்டரியின் எதிர்முனையோடும், செருகியின் அடிப்பகுதியோடும் இணையுங்கள். செருகியின் நுனியில் இடப்பக்க ஒலி வரும். அதை 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாகவும், பின்னர் 1000 ஓம் மின்தடை வழியாகவும் அடிவாய்க்குக் கொண்டுசெல்லுங்கள்.

இத்துடன் நிறுத்திவிட்டால் விளக்கு ஒருமுறை மினுக்கிவிட்டு அணைந்துவிடக் கூடும். ஏன்? ஒலி மின்சாரம் முன்னும் பின்னும் மாறி மாறிப் பாய்வது. அடிவாயோ அதை ஒரு திசையில் மட்டுமே உள்ளே விடும். உள்ளே போனது திரும்ப வழியில்லாததால் மின்தேக்கி நிரம்பிவிடுகிறது. அதன்பின் அடிவாய்க்கு எதுவும் எட்டுவதில்லை. மின்தேக்கியும் மின்தடையும் சேரும் இடத்திலிருந்து உமிழ்ப்பானுக்கு 1என்4148 டயோடு ஒன்றை, அதன் கோடிட்ட முனை மின்தேக்கியின் பக்கம் இருக்கும்படி வையுங்கள். திரும்பும் வழி கிடைத்துவிடும். அதோடு, எதிர் அரைச்சுற்றில் மின்தேக்கி பெறும் மின்னூட்டம் அடுத்த அரைச்சுற்றோடு கூடி, அடிவாய்க்குக் கிடைக்கும் உச்சத்தை உயர்த்தவும் செய்கிறது. சில காசு விலையுள்ள டயோடு இரண்டு வேலைகளைச் செய்துவிடுகிறது!

இப்போது விநாடிக்கு 1000 அதிர்வுகள் கொண்ட ஒலியை ஒலிக்கச் செய்யுங்கள். விளக்கு விநாடிக்கு 1000 முறை மினுக்கும். நம் கண்ணுக்கு விடாமல் எரிவதாகவே தோன்றும். பாட்டுப் போட்டால் ஓங்கிய இடங்களில் மட்டும் பளிச்சிடும்.

‘ஒலி எதற்கு? 1 வோல்ட்டை அப்படியே நிலையாக வெளியே அனுப்பலாமே’ என்று சிலர் கேட்கலாம். பெரும்பாலான கருவிகள் அதை விடமாட்டா. அசையாத மின்னழுத்தம் செவிக்கு மௌனமே என்பதால் அவை அதைத் தடுத்துவிடும். ஆகவே ‘ஆம்’ என்பதற்கு ஓர் ஒலி, ‘இல்லை’ என்பதற்கு மௌனம் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த உத்தி பழையது. நாடாவில் ஒரு தடத்தில் விளக்கவுரையும் மறு தடத்தில் 1000 அதிர்வு ஒலியும் பதிந்து, அந்த ஒலி வரும்போதெல்லாம் சிலைடு படம் தானே மாறும்படி செய்த காட்சிகள் 1970களில் நடந்தன. 1982இல் வந்த ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினி, டேப் ரிக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்தே நிரல்களை வாங்கிக்கொண்டது. குறுகிய துடிப்பு சுழி. அதைப்போல் இரு மடங்கு நீண்டது ஒன்று. காதுக்கு அது வெறும் கீச்சொலி!

உங்கள் பள்ளிக் கண்காட்சியிலும் இடப்பக்க ஒலியால் விளக்கை இயக்கி, வலப்பக்கத்தில் விளக்கவுரையை ஒலிக்க விடலாம். புதிய கைப்பேசிகள் பலவற்றில் துளை இல்லை. அதற்கான இணைப்பான் கடையில் கிடைக்கும். வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டை மட்டும் இந்தச் சுற்றின் அருகே கொண்டுவரக் கூடாது. இன்னொன்று: நடுவில் யாராவது அழைத்தால் மணியோசைக்கும் விளக்கு எரியும். ஆகவே தொடங்குமுன் கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்துவிடுங்கள்.