டிஃப்ராக் மென்பொருளுக்குக் காசு கொடுக்கலாமா?

ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றினால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. ஒரே ஃபைல் நூறு துண்டாகச் சிதறிக் கிடந்தால், படிக்கும் முனை ஒவ்வொரு துண்டுக்கும் நகர்ந்துபோய், அந்த இடம் சுழன்று வரும்வரை சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். காத்திருப்புக்கே 0.4 விநாடி போய்விடும். நகரும் நேரம் தனிக்கணக்கு. துண்டுகளை அடுத்தடுத்து அடுக்கிவைப்பதுதான் டிஃப்ராக்.

1996-இல் வந்த விண்டோஸ் என்.டி. 4.0-இல் இந்த வசதி இல்லை. அன்று காசு கொடுத்து வாங்கியதில் நியாயம் இருந்தது. விண்டோஸ் 2000-இல் அது கூடவே வந்தது. இப்போதைய விண்டோஸ் வழக்கமாக வாரம் ஒருமுறை, நம்மைக் கேட்காமலே, இதைக் கவனித்துக்கொள்கிறது. ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ பகுதியில் சிதறல் சதவீதத்தைப் பார்க்கலாம். அது ஒற்றை இலக்கத்தில் இருந்தால் எந்த விலை மென்பொருளும் வேகத்தைக் கூட்டிவிடாது.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டே கிடையாது. துண்டு எங்கே இருந்தாலும் எடுக்க ஏறக்குறைய ஒரே நேரம்தான். அதன் செல்களோ குறிப்பிட்ட தடவைதான் அழித்தெழுதத் தாங்கும். அடுக்கி அடுக்கி வைத்தால் தேய்மானம்தான் மிச்சம். ‘பத்து மடங்கு வேகம்’ என்ற விளம்பரம் பார்த்தால் அந்தப் பணத்தில் ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிவிடுங்கள்.