கதைத்தால் தீருமா?

"நடந்ததைக் கிளறாமல் விட்டால் பிள்ளை தானாக மறந்துவிடும்தானே?" இப்படிக் கேட்காத பெற்றோர் குறைவு. தேத்தண்ணியைக் குடியுங்கள், ஆறுதலாகச் சொல்கிறேன்.

பிள்ளை மறப்பதில்லை. வாய் சொல்லாததைக் கெட்ட கனவும் திடீர்க் கோபமும் சொல்லும். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில், ஒரு முகாமில், 8 முதல் 14 வயது வரையான 31 பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். மற்றவர்களுக்கு 'கிட்நெட்', ஜெர்மனியின் கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் உருவாக்கிய கதைசொல்லும் முறை. இரண்டும் ஆறே அமர்வுகள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள்.

கிட்நெட்டில் தரையில் ஒரு கயிற்றை விரிப்பார்கள். அதுதான் பிள்ளையின் இதுவரையான வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். பிறகு ஒவ்வொரு கல்லாக விசாரிப்பு: எங்கே நின்றாய், என்ன சத்தம் கேட்டது, நெஞ்சு எப்படி அடித்தது, இப்போது எப்படி இருக்கிறது? ஆலோசகர் அதை எழுதி, அடுத்த முறை வாசித்துக் காட்டுவார். "இல்லை, தம்பி முன்னால ஓடினவன்" என்று பிள்ளை திருத்தலாம். துண்டு துண்டாய்க் கிடந்த நினைவு அப்படித்தான் முடிந்துபோன ஒரு நாளின் கதையாகிறது.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, கதை சொன்னவர்களில் 81 சதவீதமும் தியானம் செய்தவர்களில் 71 சதவீதமும் மீண்டிருந்தார்கள். இத்தனை சிறு கூட்டத்தை வைத்து எது வென்றது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. சொல்லவும் தேவையில்லை என்பேன். சில பிள்ளைகளுக்கு மூச்சு சீரானாலே போதும். சிலருக்குக் கல்லைத் தொடாமல் தீராது.

அமெரிக்காவில் ஜூடித் கோஹென், ஆந்தனி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் வகுத்த சிகிச்சை இரண்டையும் வரிசையில் வைக்கிறது. முதலில் உடம்பை அமைதிப்படுத்தப் பழக்குவார்கள், அப்புறம்தான் கதை. கூடவே பெற்றோருக்கும் தனி அமர்வுகள் உண்டு. பிற்பகுதியில் பிள்ளை தன் கதையைப் பெற்றோர் முன் வாசிக்கும். அதை அவர்கள் முன்கூட்டியே சிகிச்சையாளரிடம் கேட்டு, அழுவதை அழுது, தயாராகியிருக்க வேண்டும். வாசிக்கிற பிள்ளையின் கண் அம்மாவின் முகத்தில்தான் இருக்கும்; அந்த முகம் உடைந்தால், சொன்னது பிழையென்று நினைத்து அதோடு வாயை மூடிக்கொள்ளும்.

அந்த அம்மாவும், பிள்ளை தப்பிய அதே சுனாமியில் இன்னொரு பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்றால், அவருக்கும் தனியாகச் சிகிச்சை வேண்டும். அவர் தயாராகும்வரை அந்த வாசிப்பைத் தள்ளிவைக்கலாம்.