டார்பிஷயரில் ஒரு சிற்றூர்

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள டார்பிஷயர் மாவட்டத்திற்குச் செல்வோர் பெரும்பாலும் சாட்ஸ்வொர்த் மாளிகையையே முதலில் நாடுவர். அது காணத்தக்கதே. அதனைச் சூழ்ந்த குன்றுகளில் நடந்து திரிதல் இன்னும் இனிது. 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவான நிலம் அது. ஆயினும் ஒரு நாளே கையில் உண்டெனின், மாணவர்களை நான் வடக்கே சில மைல் தொலைவிலுள்ள ஈம் என்னும் சிற்றூருக்கே அனுப்புவேன். பெயரைக் கேட்டதும் நமக்கு ஈமக்கடன் நினைவுக்கு வரும். ஒலியொற்றுமை தற்செயலே, ஊரின் கதையோ அதற்கு இசைந்தே இருக்கிறது.

1665-இல் இலண்டனில் கொள்ளைநோய் பரவியிருந்தது. அந்நகரிலிருந்து இவ்வூர்த் தையற்காரர் வீட்டிற்குத் துணிமூட்டை ஒன்று வந்தது. நோயைச் சுமந்த தெள்ளுப்பூச்சிகள் அதனுள் இருந்தன என்பர். செப்டம்பரில் அவ்வீட்டுப் பணியாளர் இறந்தார். குளிர்காலத்தில் தணிந்த நோய், அடுத்த கோடையில் சீறி எழுந்தது.

ஓடிப் பிழைக்க நினைப்பது மனித இயல்பு. ஓடினாலோ, அண்டை ஊர்களும் அழியும். ஊர்ப் பாதிரியார் வில்லியம் மோம்பசன் புதியவர். அவருக்கு முன்னிருந்த தாமஸ் ஸ்டான்லி, 1662-ஆம் ஆண்டுச் சமயச் சட்டத்திற்கு இணங்காமல் பதவி இழந்தவர். கொள்கையால் மாறுபட்ட இவ்விருவரும் ஒன்றுகூடி, எல்லையைத் தாண்ட வேண்டாவென ஊராரை வேண்டினர். ஊரும் இசைந்தது. நோய்க்குக் காரணமான கிருமி இன்னதென அன்று எவரும் அறியார். அது கண்டறியப்பட்டது 1894-இல்தான் என்பதை இங்கே நினைவிற் கொள்ளுங்கள்.

எல்லைக்கல் இன்றும் இருக்கிறது. அதன் குழிகளில் காடியை ஊற்றி, நாணயங்களை அதில் இட்டுச் செல்வர். வெளியூரார் உணவை வைத்துவிட்டு அவற்றை எடுத்துக்கொள்வர். சாட்ஸ்வொர்த் பிரபுவும் உணவுப்பொருள்கள் அனுப்பினார். ஊர்ப்புறத்து வயலில், கல்வேலிக்குள் ரைலி கல்லறைகள் உள்ளன. 1666 ஆகஸ்டில் எலிசபெத் ஹான்காக் என்னும் பெண்மணி, எட்டு நாட்களுக்குள் கணவரையும் ஆறு மக்களையும் தம் கையாலேயே அடக்கம் செய்தார் என்பது வழிவழி வந்த செய்தி. அங்கே பேச்செழாது.

மோம்பசன் தம் குழந்தைகளை முன்னரே வெளியூருக்கு அனுப்பிவிட்டார். இதனை நான் மறைக்கவும் மாட்டேன், பழிக்கவும் மாட்டேன். உடன் தங்கிய மனைவி கேதரின் அந்த ஆகஸ்டிலேயே மாண்டார். அவர் கல்லறை மாதாகோயில் முற்றத்தில் இருக்கிறது. பதினான்கு திங்களில் இறந்தோர் சுமார் 260 பேர். சுற்றுப்புற ஊர்கள் தப்பின.

ஆகஸ்டு மாதக் கடைசி ஞாயிறன்று செல்வோர், ஊரார் ஒரு பசும்பள்ளத்தாக்கில் கூடி வழிபடுவதைக் காணலாம். அன்று மாதாகோயிலைப் பூட்டிவிட்டு, ஒருவரை ஒருவர் நெருங்காமல் நின்று வழிபட்ட இடம் அதுவே.