சுவரில் வந்தமர்ந்த இலக்குமி

ஆடி மாதத் தீமிதி விழாவைக் காண உடப்புக்குச் சென்றிருந்தேன். திரௌபதையம்மனை வழிபட்டபின், அவ்வூர் மாணவன் ஒருவனின் வீட்டில் சற்றுத் தங்க நேர்ந்தது. கடலை நோக்கிய சிறு வீடு. சுவரிலே ஒரு பழைய இலக்குமி படம். தாமரைமீது தேவி நிற்கிறாள். அருகே யானையொன்று மாலை ஏந்துகிறது. உப்புக்காற்றினால் காகிதத்தின் ஓரங்கள் பழுப்பேறியிருந்தன.

"சேர், இலக்குமியின் முகம் இப்படித்தான் இருக்குமென்று யார் கண்டது?" என்றான் மாணவன்.

நல்ல கேள்வி. அம்முகத்தை நம் மனத்தில் எழுதியவர் ராஜா ரவிவர்மா.

1848ஆம் ஆண்டு திருவிதாங்கூரிலுள்ள கிளிமானூரில் பிறந்த இவர், தைலவண்ணக் கலையைப் பெரும்பாலும் தம் முயற்சியாலேயே கற்றார். அரண்மனைக்கு வந்த தியோடோர் ஜென்சன் என்னும் ஐரோப்பியர் ஓவியந் தீட்டுவதை அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு மட்டுமே கிட்டியது; பார்த்தே பயின்றார். 1873இல் வியன்னாவிலும் 1893இல் சிக்காகோவிலும் அவர் படங்கள் பரிசு பெற்றன. பரோடா மன்னருக்காக 14 புராணச் சித்திரங்களை எழுதும் பொருட்டுத் தம்பி ராஜராஜவர்மாவுடன் வடநாட்டைச் சுற்றி, இதிகாச மகளிர்க்குப் பொருந்தும் உடையைத் தேடினார். மகாராட்டிரப் பெண்டிரின் சேலைக்கட்டு அவருக்குப் பிடித்துப் போயிற்று. உடப்புத் திரௌபதை அதனை ஏற்பாளோ, நானறியேன்!

ஆயினும் அப்படங்கள் யாவும் அரண்மனைச் சுவர்களுக்கே உரியனவாயிருந்தன. அவற்றை அச்சிட்டுப் பரப்பலாமென முன்னரே யோசனை கூறியவர் திவான் மாதவராவ். 1894இல் பம்பாயில் ரவிவர்மா அச்சுக்கூடம் நிறுவினார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்லில் உருவத்தை எழுதி, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக, மயிரிழையும் விலகாது பதிக்க வேண்டும். ஜெர்மானியத் தொழிலாளரை வரவழைத்தார். பம்பாயைக் கொள்ளைநோய் வாட்டியது, கடனும் பெருகியது. இறுதியில் அச்சுக்கூடத்தை ஜெர்மானியரான ஷ்லைகரிடம் விற்றுவிட்டார். 1906இல் ஓவியர் மறைந்தார்; படங்களோ பெருகிக்கொண்டே போயின.

இப்படங்களைக் கடிந்தவர்களுள் நம் நாட்டுப் பேரறிஞர் ஆனந்த குமாரசுவாமி முதன்மையானவர். இவை நாடகமேடைக் காட்சிகள். இந்திய உணர்வோ கற்பனையோ அற்றவை என்பது அவர் முடிபு. சிதம்பரத்து நடராசத் திருமேனியின்முன் நின்ற கண்களுக்கு இவ்விலக்குமி ஒரு செல்வர் வீட்டு மங்கையாகவே தோன்றுவாள். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் இன்னொன்றையும் எண்ண வேண்டும். ரவிவர்மா பிறந்த திருவிதாங்கூரிலே எல்லாச் சாதி இந்துக்களுக்கும் அரசுக் கோயில்கள் திறக்கப்பட்டது 1936இல்தான். அதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்னரே, கருவறையின் பக்கமும் நெருங்கக்கூடாதென விலக்கப்பட்டவன் தன் குடிசையில் தெய்வத்தை முகத்துக்கு முகம் காண அச்சுக்கல் வழிசெய்தது. அதனைக் கலைக்குற்றமொன்றால் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

"புதுப்படம் வாங்கலாமென்றால் அம்மா விடுகிறாரில்லை" என்றான் மாணவன். அவன் பாட்டனார் கொழும்பிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த படமாம். ரவிவர்மா காலத்ததன்று, பிற்கால மறுபதிப்பு.

கடற்காற்று நேரே படாத உட்சுவருக்கு அதனை மாற்றுமாறு கூறினேன். ஆணி அடிக்க இருவரும் இடந்தேடிக்கொண்டிருக்கையில், விளக்கைக் கையிலேந்தியவாறு அந்த அம்மையார் வந்து நின்றார்.