அப்பாவோட பைக்குக்கு 15 வயசா? தள்ளிப்போட்டா மாசம் 300 ரூபாய்

இந்த வாரம் ஊருக்குப் போனா, வீட்டுல நிக்கிற அப்பாவோட பைக் ஆர்.சி.யை எடுத்து ஒரே ஒரு தேதியைப் பாருங்க: பதிவு எதுவரைக்கும் செல்லும்னு. சொந்த உபயோக வண்டிக்கு அது 15 வருஷம். அதுக்கப்புறம் மோட்டார் வாகன ஆய்வாளர்கிட்ட வண்டியைக் காட்டணும். பாஸ் ஆனா இன்னும் 5 வருஷம். நம்ம பக்கம் பேச்சு வழக்குல இதையும் 'எஃப்.சி.'ன்னுதான் சொல்றோம்.

எங்க அப்பா வண்டி 2010-ல் பதிவான டி.என். 31. சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் தினமும் ஓடினது. மத்தவங்க கணக்குல தேதி தவறினதைப் பிடிக்கிறதுதான் என் தொழில். ஆனா எங்க வீட்டு ஆர்.சி. முடிஞ்சு ஏழு மாசம் ஆனதை நான் பார்க்கல.

கணக்குக்கு வருவோம். ஏப்ரல் 2022-ல இருந்து பைக் பதிவைப் புதுப்பிக்க 1,000 ரூபாய். அதுக்கு முன்னாடி 300தான். தாமதமானா மாசத்துக்கு 300. ஒரு நாள் கூடினாலும் முழு மாசக் கணக்கு. எனக்கு 2,100 போச்சு. மூணு வருஷம் தள்ளிப்போட்டவருக்கு 10,800 ஆகும், வண்டியை வித்தாலே அவ்வளவு தேறுமான்னு சந்தேகம். பசுமை வரி தனி. 20 வயசு தாண்டின பைக்குக்கு ஆகஸ்ட் 2025-ல் கட்டணத்தை 2,000 ஆக்கிட்டாங்க.

பணமெல்லாம் கட்டி வண்டியைக் கொண்டுபோனேன். முதல் தடவை ஃபெயில். இன்ஜின்ல ஒரு குறையும் இல்ல, சேசிஸ் நம்பர்தான் பிரச்சினை. ஹேண்டில் கழுத்துல இருக்கிற அந்த நம்பர் மேல பேப்பரை வச்சு பென்சிலால தேய்ச்சு பிரிண்ட் எடுப்பாங்க. எங்க வண்டில துருவும் கிரீஸும் அப்பி ரெண்டு எழுத்து தெரியல. கடலூர் உப்புக்காத்துல நிக்கிற வண்டிக்கு இது சகஜம். மண்ணெண்ணெய் தொட்ட துணியால மெதுவா துடைங்க. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, நம்பரைத் திருத்தப் பார்த்த மாதிரி ஆயிடும்.

மத்ததெல்லாம் மெக்கானிக்கிட்ட அரை நாள் வேலை. பிரேக் லைட், இண்டிகேட்டர், ஹாரன், கழட்டிப் போட்ட கண்ணாடி, சத்தம் போடுற சைலன்சர், ஸ்டைலா எழுதின நம்பர் பிளேட். டயர் பட்டன் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கலர் மாத்தியிருந்தா அது ஆர்.சி.யில ஏறியிருக்கணும். புகைச் சான்றும் இன்சூரன்ஸும் நடப்புல இருக்கணும்.

இவ்வளவு அவசரம் எதுக்குன்னு கேட்கலாம். பதிவு முடிஞ்ச வண்டியை ஓட்டினா முதல் தடவையே 5,000 ரூபாய் வரை அபராதம். அதைவிடப் பெரிசு இன்சூரன்ஸ். தற்காலிகப் பதிவு முடிஞ்சும் நிரந்தரப் பதிவு செய்யாத ஒரு கார் திருடு போன வழக்குல, இன்சூரன்ஸ் பணம் கிடையாதுன்னு 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அதே வாதத்தை நாளைக்கு நம்ம பைக்குக்கும் வைக்கலாம். விபத்துல அடிபட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்துட்டு, அதை உரிமையாளர்கிட்ட வசூலிச்சுக்கவும் கோர்ட் அனுமதிக்கலாம். ஓட்டினது நீங்க, ஆனா உரிமையாளர்னா ஆர்.சி.யில பேர் இருக்கிற அப்பா.

பதிவு முடியறதுக்கு 60 நாள் இருக்கும்போதே பரிவாகன் தளத்துல விண்ணப்பிக்கலாம். ஓ.டி.பி. அப்பா நம்பருக்குத்தான் வரும், அந்த நம்பர் இன்னும் உயிரோட இருக்கான்னு முதல்ல பார்த்துடுங்க. எங்க வீட்டுல அதுக்கே ஒரு வாரம் ஆச்சு.