லினக்சு நேரலை நிகழ்பட வழங்கி

லினக்சு நேரலை நிகழ்பட வழங்கி என்பது, நடந்துகொண்டிருக்கும் ஒரு நிகழ்ச்சியின் படத்தையும் ஒலியையும் ஓரிடத்திலிருந்து பெற்று, இணையத்தின் வழியாகப் பலருக்கு உடனுக்குடன் அனுப்பும், லினக்சு இயங்குதளத்தில் இயங்கும் கணினி ஆகும். பதிவு செய்யப்பட்ட நிகழ்படத்தைப் பிறகு பார்ப்பதிலிருந்து இது வேறுபட்டது. நேரலையில் நிகழ்படம் உருவாகும்போதே சிறு துண்டுகளாக வெளியேறுகிறது. தடை ஏற்பட்டால் அத்தருணம் பார்வையாளருக்குக் கிடைக்காமலே போகும். எனவே இதில் மென்பொருளை நிறுவுவதைவிட, எத்தனை பேர் பார்ப்பர் என்பதை முன்கூட்டியே கணக்கிடுவது முதன்மையானது. தேவையான மென்பொருட்கள் கட்டற்ற மென்பொருட்களாகக் கிடைப்பதால், ஒரு கல்லூரியோ இசைச் சபையோ ஊர் விளையாட்டுக் கழகமோ தானே இதனை அமைத்துக்கொள்ள இயலும்.

வரலாறு

1996ஆம் ஆண்டில் பிரான்சின் எக்கோல் சென்ட்ரல் பாரிசு கல்லூரி மாணவர்கள், தம் வளாக வலையமைப்பில் நிகழ்படத்தை அனுப்புவதற்காக வீடியோலேன் என்னும் திட்டத்தைத் தொடங்கினர். 2001இல் இது குனூ பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. பரவலாகப் பயன்படும் வி.எல்.சி. இயக்கி இத்திட்டத்திலிருந்து பிறந்ததே. படத்தையும் ஒலியையும் குறியாக்கம் செய்யும் எஃப்.எஃப்.எம்பெக் 2000இலும், என்ஜின்க்ஸ் வலை வழங்கி 2004இலும் வெளிவந்தன.

2009இல் ஆப்பிள் நிறுவனம் எச்.எல்.எஸ். நெறிமுறையை அறிமுகப்படுத்தியது. இது நிகழ்படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, சாதாரண வலைப்பக்கக் கோப்புகளைப் போலவே அனுப்புகிறது. அதற்கு முன் பரவலாக இருந்த ஃபிளாஷ் இயக்கிக்கான ஆதரவு 2020 திசம்பர் 31உடன் முடிவடைந்தது. எனினும் ஃபிளாஷ் காலத்து ஆர்.டி.எம்.பி. நெறிமுறை, நிகழ்விடத்திலிருந்து வழங்கிக்குப் படத்தை அனுப்புவதற்கு இன்றும் பயன்படுகிறது.

உறுப்புகள்

* குறியாக்கி: நிகழ்விடத்தில் இருப்பது. நிழற்படக்கருவியின் காட்சியைச் சுருக்கி வழங்கிக்கு அனுப்பும். ஓ.பி.எஸ். ஸ்டூடியோ, எஃப்.எஃப்.எம்பெக் ஆகியவை இதற்கு உதவும்.
* வழங்கி: வரும் ஓர் ஓடையைப் பெற்று, துண்டுகளாக்கி, கேட்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு படி அனுப்பும்.
* இயக்கி: பார்வையாளரின் உலாவியில் அல்லது கைபேசியில் துண்டுகளை வரிசையாக இணைத்துக் காட்டும்.

எடுத்துக்காட்டு: கோவளம்

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள கோவளம் மீனவ ஊராகும். அலைச்சறுக்கு விளையாட்டுக்கும் இவ்வூர் பெயர்பெற்றது. இங்கு 2013இல் அலைச்சறுக்குத் திருவிழா நடத்தப்பட்டது. அத்தகைய போட்டி ஒன்றை 100 பேருக்கு நேரலையாகக் காட்ட விரும்புவதாகக் கொள்வோம்.

படத்தின் அளவு 1280 × 720 படப்புள்ளிகள் என்றும், படமும் ஒலியும் சேர்ந்து நொடிக்கு 2.5 மெகாபிட் என்றும் வைத்துக்கொண்டால், 100 பேருக்கு நொடிக்கு 250 மெகாபிட் வெளியேற வேண்டும். இதனைக் கடற்கரையிலுள்ள கைபேசி இணைப்பு தாங்காது. ஆகவே வழங்கியைக் கடற்கரையில் வைப்பதில்லை. அருகிலுள்ள சிறுசேரியில் இருப்பவை போன்ற தரவு மையம் ஒன்றில் வைப்பர். கடற்கரையிலிருந்து ஒரே ஒரு படி மட்டும் செல்லும். பெருக்கும் வேலை தரவு மையத்தில் நடைபெறும். கடற்கரை இணைப்பின் பதிவேற்ற வேகம் 2.5 மெகாபிட்டைப் போல் இருமடங்கு இருப்பது நன்று. இதனை நிகழ்ச்சி நடக்கும் அதே வேளையில், கூட்டம் இருக்கும்போது அளந்து பார்க்க வேண்டும்.

அமைக்கும் முறை

1. வழங்கிக் கணினியில் டெபியன் அல்லது உபுண்டு நிறுவப்படுகிறது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.
2. களஞ்சியத்திலிருந்து என்ஜின்க்சும் அதன் ஆர்.டி.எம்.பி. கூறும் நிறுவப்படுகின்றன.
3. அமைப்புக் கோப்பில் 1935ஆம் துறையில் ஓடையைப் பெறவும், எச்.எல்.எஸ். துண்டுகளாக மாற்றவும் கட்டளை எழுதப்படுகிறது.
4. தீச்சுவரில் 1935ஆம் துறையும், பார்வையாளருக்கான 443ஆம் துறையும் திறக்கப்படுகின்றன.
5. குறியாக்கியில் வழங்கியின் முகவரியும் ஓடைத் திறவுச்சொல்லும் இடப்படுகின்றன. ஒவ்வொரு துண்டும் முழுப்படச் சட்டகம் ஒன்றில் தொடங்க வேண்டுமாதலால், அச்சட்டகம் சீரான இடைவெளியில் வருமாறு அமைக்கப்படுகிறது.

காலத்தாழ்வு

மேற்கண்ட கூறில் ஒரு துண்டின் முன்னிருப்பு நீளம் 5 நொடிகள். இயக்கி பொதுவாக மூன்று துண்டுகள் பின்தங்கியே தொடங்குவதால், பார்வையாளர் குறைந்தது 15 நொடிகள் தாமதமாகவே காட்சியைக் காண்கிறார். துண்டைச் சிறிதாக்கினால் தாமதம் குறையும்; ஆனால் இணைப்பு சற்றே தடுமாறினாலும் படம் நின்றுவிடும். போட்டியைப் பார்ப்பதற்கு 15 நொடித் தாமதம் தடையன்று. கேள்வி பதிலுடன் நடக்கும் வகுப்பிற்கு அது பொருந்தாது. அதற்கு வெப் ஆர்.டி.சி. போன்ற வேறு முறை தேவை.

பாதுகாப்பு

அமைப்புக் கோப்பில் தனியே கட்டுப்பாடு விதிக்காவிடில், முகவரியை அறிந்த எவரும் தம் நிகழ்படத்தை வழங்கிக்கு அனுப்ப முடியும். வழங்கி தானாகத் திறவுச்சொல்லைச் சரிபார்ப்பதில்லை என்பது பலர் கவனிக்காத ஒன்று. மேலும் ஆர்.டி.எம்.பி. மறையாக்கம் செய்யப்படாதது, ஆகவே வேறிடங்களில் பயன்படுத்தும் கடவுச்சொல்லை இங்கு இடலாகாது. இணைப்பு அறுந்தாலும் நிகழ்ச்சி அழிந்துவிடாதிருக்க, நிகழ்விடத்திலேயே ஒரு பதிவு எடுத்து வைப்பது வழக்கம்.

எல்லைகள்

நொடிக்கு 1,000 மெகாபிட் இணைப்புள்ள ஒரு வழங்கி, மேற்கண்ட அளவில் கணக்குப்படி 400 பேருக்கு மேல் தாங்காது. 2023 ஆகத்து 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை யூடியூபில் ஒரே நேரத்தில் 80 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கண்டனர். அவர்கள் அனைவருக்கும் இதே அளவில் அனுப்புவதாயின் நொடிக்கு 2 கோடி மெகாபிட், அதாவது இத்தகைய 20,000 இணைப்புகள் தேவைப்படும். எனவே பெரும் நிகழ்ச்சிகளில் துண்டுகளின் படிகளைப் பல நகரங்களில் சேமித்து, பார்வையாளருக்கு அருகிலிருந்து வழங்கும் உள்ளடக்க வழங்கல் வலையமைப்புகள் பயன்படுத்தப்படுகின்றன. சில நூறு பேர் காணும் ஊர் நிகழ்ச்சிக்கு ஒரு லினக்சு வழங்கியே போதுமானது.