சுழி சரி, கால் சரியா?

புஷ்கரில் மார்வாரிக் குட்டி வாங்குகிறவர்கள் காதைப் பார்க்கிறார்கள். சுழியைப் பார்க்கிறார்கள். எலும்பைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி ராஜஸ்தானின் புஷ்கரில் கூடும் சந்தைக்குப் பெயர் வாங்கித் தந்தவை ஒட்டகங்கள். ஆனால் சமீப வருடங்களில் மணல்வெளியில் கூட்டம் மொய்ப்பது குதிரைகளைச் சுற்றித்தான். இரண்டு வயது மார்வாரிக் குட்டி ஒன்றைக் கயிற்றில் பிடித்து வந்தால் போதும், எல்லார் கண்ணும் முதலில் காதுக்குப் போகிறது. உள்நோக்கி வளைந்து நுனியோடு நுனி தொடும் அந்தக் காதுகள்தான் இந்த இனத்தின் முத்திரை.

அடுத்தது சுழி. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைக்குச் சற்றும் குறையாத நம்பிக்கை இங்கே. கழுத்தில் நீளமாக இறங்கும் சுழிக்குத் 'தேவ்மன்' என்று பெயர், அது அதிர்ஷ்டம். கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் ஆகாது. முழுக் கறுப்பு, சாவின் நிறம். நெற்றியில் வெள்ளைப் பட்டையும் நான்கு கால்களிலும் வெள்ளையும் இருந்தால் யோகக் குதிரை. விலை ஏறுவதும் இறங்குவதும் இதையெல்லாம் வைத்துத்தான். இருக்கட்டும். ஆனால் சுழி சரியில்லை என்று எந்தக் குதிரையும் நொண்டுவதில்லை.

இரண்டு வயதுக் குட்டி பார்க்க லட்சணமாக இருக்காது என்பதுதான் பெரிய சிக்கல். குதிரை ஒரே சீராக வளர்வதில்லை. பின்பக்கம் முதலில் எழும்பும், பிறகு முன்பக்கம் எட்டிப் பிடிக்கும். இடையில் சில மாதங்கள் முதுகு முன்னோக்கிச் சரிந்தது போலத் தெரியும். அதற்காகக் குட்டியை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் முன்கால்களை மணல்மேட்டில் ஏற்றி நிறுத்தினால் இந்தச் சரிவு மறைந்துவிடும். எனவே சமதரையில் நிறுத்தச் சொல்லுங்கள்.

வளர வளரத் திருந்தாதது கால்தான். எதிரே நின்று பார்த்தால் மார்பிலிருந்து முழங்கால் வழியாகக் குளம்பு வரை ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்க்கும்போது முழங்கால் பின்புறமாக வளைந்திருந்தால் வாங்காதீர்கள், எவ்வளவு அழகான காதாக இருந்தாலும் சரி. பிறகு உங்களை நோக்கி ஒருமுறை, உங்களை விட்டு விலகி ஒருமுறை, ஓட்டமும் நடையுமாக நடத்திக் காட்டச் சொல்லுங்கள். நின்றால் தெரியாத கோணல் நடந்தால் தெரியும்.

சந்தைக்கு முன்பு தானியத்தைத் திணித்துக் கொழுக்க வைப்பதும் உண்டு. பளபளப்பும் உருண்ட பிட்டமும் வாங்குபவரை மயக்கும். ஆனால் அளவு மீறிய தீனி வளரும் மூட்டுகளுக்குக் கேடு. முழங்காலுக்கும் கணுவுக்கும் மேலே வீக்கம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்.

உயரத்தைக் 'கை' கணக்கில் சொல்வார்கள்; ஒரு கை 4 அங்குலம். எவ்வளவு வளரும் என்பதற்கு அனுபவசாலிகளிடம் ஒரு கயிற்றுக் கணக்கு உண்டு. முன்கால் உடம்போடு சேரும் முட்டியிலிருந்து குளம்புக்கு மேலுள்ள கணு வரை அளந்து, அதே கயிற்றை முட்டியிலிருந்து மேலே திருப்பினால், நுனி எட்டும் இடம்தான் வளர்ந்த உயரமாம். ஏறக்குறையத்தான் சரியாக வரும். தாய்க்குதிரையை நேரில் பார்ப்பது இன்னும் நல்லது.

வயதைப் பல்லில் பாருங்கள். முன்வரிசையின் நடு ஜோடிப் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைப்பது சுமார் இரண்டரை வயதில். அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில். 'இரண்டு வயசு, இன்னும் வளரும்' என்று விற்கப்படும் குட்டிக்கு நடுவில் பெரிய பற்கள் இருந்தால், வளர வேண்டியதில் பெரும்பங்கு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

வாங்கிய கையோடு ஏறிவிடும் அவசரம்தான் பல நல்ல குட்டிகளைக் கெடுக்கிறது. முழங்காலுக்கு மேலுள்ள வளர்ச்சிப் பகுதி இறுகவே இரண்டு, இரண்டரை வயதாகும். முதுகெலும்பு முழுசாக இறுக ஐந்து வயதைத் தாண்டும். அதற்குள் கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமந்து, மேளத்துக்கு ஆட்டமும் போட வைத்தால் முதுகும் மூட்டும் என்னாவது? சேணம் வைக்க மூன்று வயதாவது ஆகட்டும், அதுவும் லேசான ஆளாக, கொஞ்ச நேரத்துக்கு. அதுவரை ஆகும் தீனிச் செலவையும் கணக்கில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். கையில் பணம் மாறும் முன்பு ஒரு கால்நடை மருத்துவரைக் காட்டி, கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனைச் சான்றிதழையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.